உதயகிரி மரக்கரண்டிகள்: சொல்லும் மரமும்

ஆந்திரப் பிரதேசத்தின் நெல்லூர் மாவட்டத்தில், மலைக்கோட்டையொன்றின் அடிவாரத்தில் அமைந்துள்ள உதயகிரி மரத்தாலான உணவுக் கருவிகளுக்குப் பெயர் பெற்ற ஊராகும். சுற்றியுள்ள மலைகளில் கிடைக்கும் நர்தி, பிக்கி, கல்தி, தேவதாரி முதலிய மரங்களிலிருந்து கரண்டி, முட்கரண்டி, சீப்பு போன்றவை இங்குக் கையால் செதுக்கப்படுகின்றன. இத்தொழிலின் வரலாற்றைப் பொருட்பெயர், மூலப்பொருள் ஆகிய இரு நிலைகளில் இக்கட்டுரை ஆராய்கிறது.

கஜபதி மன்னர்கள்வசம் இருந்த உதயகிரிக் கோட்டையை நெடிய முற்றுகைக்குப்பின் 1514இல் கிருஷ்ணதேவராயர் கைப்பற்றினார். பின்னர் அது கோல்கொண்டா சுல்தான்களிடம் சென்றது. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் ஜாகீராக விளங்கியது. கரண்டிக் காம்புகளின் அணிவேலைப்பாட்டில் பாரசீகச் சாயல் உண்டு என்று கூறப்படுவதற்கு இப்பின்புலமே காரணமாகும். எனினும், அரண்மனைத் தொடர்பு ஒன்றே இத்தொழிலை விளக்கப் போதுமானதன்று.

பெயர்கள் வேறொரு செய்தியையும் உணர்த்துகின்றன. தெலுங்கில் 'தெட்டு' என்பது படகுத் துடுப்பையும் மர அகப்பையையும் குறிக்கும். தமிழில் 'துடுப்பு' என்னும் சொல்லும் அவ்விரு பொருளையும் தரும். அடுப்பில் துழாவும் தட்டையான மரக்கருவியே இரு மொழியினரின் சமையலறையிலும் பழமையாக வழங்கியது என்பதற்கு இவ்வொற்றுமை சான்றாகிறது. முட்கரண்டியோ கையால் உண்ணும் மரபில் இடம்பெறாதது. 'முள்', 'கரண்டி' என்னும் சொற்களை இணைத்துத் தமிழில் அதற்குப் பெயர் அமைக்க நேர்ந்தது. எனவே, உதயகிரியில் முட்கரண்டி செதுக்கப்படுவது, உள்ளூர் அடுப்பங்கரைக்கு அப்பாற்பட்ட நுகர்வோரை அத்தொழில் நோக்கியதைக் காட்டுகிறது எனலாம்.

இம்மாற்றம் மரத்தின் தேவையையும் மாற்றியது. அகன்ற துடுப்புக்குப் பலவகை மரங்கள் பொருந்தும். மெல்லிய முட்களுக்கோ நெருங்கிய இழையுடைய கடின மரமே ஏற்றது. முட்கள் இழையின் போக்கிலேயே அமைய வேண்டும். இழை குறுக்கிட்டால் அவை முறிந்துவிடும். ஆகவே, கைவினைஞரின் முதல் திறன் உளியைக் கையாளுவதில் அன்று, மரத்தைத் தேர்வதில் வெளிப்படுகிறது.

இங்குதான் இத்தொழிலின் நெருக்கடியும் தோன்றுகிறது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் ஒதுக்கப்பட்ட காடுகளில் மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தியது; 1967இல் இயற்றப்பட்ட ஆந்திரப் பிரதேச வனச் சட்டமும் அக்கட்டுப்பாட்டைத் தொடர்ந்தது. மறுபுறம், 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ் உதயகிரி மரக்கரண்டி பதிவு பெற்றுள்ளது. இப்பதிவு ஊரின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கிறது. ஆனால், மலைமரத்தைக் கைவினைஞருக்கு வழங்குவதில்லை. காட்டைக் காத்தல் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. அக்காப்பிலேயே, அளவோடு வெட்டி மீண்டும் வளர்க்கும் உரிமைக்கும் இடம் அமைதல் வேண்டும். மண்ணும் மரமும் தந்த தனித்தன்மையையே குறியீடு அங்கீகரிக்கிறது. மரம் வேற்றூரிலிருந்து வருமாயின், எஞ்சுவது பெயர் மட்டுமே.