மகேஷ் சந்திரரின் காலாள்

சதுரங்கத் தொடக்கங்களுள் ஒன்றுக்குக் குருன்ஃபெல்ட் தற்காப்பு என்று பெயர். வியன்னாவைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் குருன்ஃபெல்ட் 1922இல் அதனை ஆடிப் புகழ்பெறச் செய்தார். ஆயின் அதே நகர்வுகள் 1855 மே மாதத்தில், கல்கத்தாவில், மகேஷ் சந்திர பானர்ஜி என்னும் வங்காளப் பிராமணரால் ஆடப்பட்டுவிட்டன.

எதிரே இருந்தவர் ஸ்கொட்லாந்துப் பாரிஸ்டர் ஜோன் கொக்ரேன். நாட்டுப்புறத்தில் தோல்வியறியாத ஒருவர் இருப்பதாகக் கேள்வியுற்ற கல்கத்தாக் கழகத்து உறுப்பினர் ஒருவர்தாம் பானர்ஜியை 1848இல் கண்டுபிடித்தார். பின்னர் இருவரும் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடினர்.

அக்காலத்து ஐரோப்பியர் நடுக்காலாளை இரண்டு கட்டம் பாயவிட்டே தொடங்குவர். பானர்ஜியோ குதிரையை வெளியே எடுத்து, அரசன் பக்கக் குதிரைக் காலாளை ஒரே கட்டம் தள்ளி, நீண்ட மூலைவிட்டத்தில் மந்திரிக்கு வழி திறந்தார். இது விநோதமன்று, பழக்கம். நம் நாட்டுப் பழைய விதிகளில் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். அந்த நிதானத்தில் வளர்ந்த கை அது.

அவ்வாட்டத்தில் பானர்ஜி தோற்றார் என்பதுதான் சுவை. 18ஆவது நகர்வில் அவர் கொக்ரேனின் அரசியை விரட்டக் குதிரையை ஓரத்துக்கு அனுப்பினார். கொக்ரேன் அரசியையே பலியிட்டு, சொந்தக் காய்களுக்குள் அடைபட்ட அரசனைக் குதிரையால் முடித்தார். ஆட்டம் போயிற்று, தொடக்கம் நின்றது. 1956இல் நியூயோர்க்கில் 13 வயதுப் பொபி ஃபிஷர் டொனால்ட் பேர்னை வீழ்த்திய புகழ்மிக்க ஆட்டமும் இவ்வழியினதே. 'இந்தியத் தற்காப்புகள்' என்ற பொதுப்பெயரில் ஊர் இருக்கிறது, ஆள் இல்லை. கொக்ரேனுடன் அவர் ஆடிய ஆட்டங்கள் இங்கிலாந்து இதழ்களில் அச்சேறியிராவிடில் அந்த ஆளை நாமும் அறிந்திரோம்.

1972இல் ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் ரெய்காவிக்கில் மோதிய பின்னர், தெல்லிப்பழையில் எங்கள் வாசிகசாலையும் நான்கு பலகை அணியொன்றை அமைத்து அயலூர்களுடன் ஆடியது. நான்காம் பலகையில் ஒரு முதியவர். எவர் எதை ஆடினாலும் அதே காலாளை ஒரு கட்டம் தள்ளுவார். "பழைய ஆட்டத்திலை ஒரு கட்டந்தானே தம்பி, ஐயா அப்பிடித்தான் பழக்கினவர்" என்பார். ஐயா என்றது தம் தந்தையை. குருன்ஃபெல்ட் என்ற பெயரை அவர் கேட்டதேயில்லை. அவர் வென்றவையும் தோற்றவையுமாக எல்லா ஆட்டங்களையும் நகர்வு நகர்வாகக் கொப்பிகளில் எழுதிவைத்தவன் நான். அவை வாசிகசாலை அலுமாரியில் இருந்தன. 1990 இடப்பெயர்வில் எவரும் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.