புகையை அளந்த அட்டை

அளவுகோலுக்குப் பக்கச்சார்பு இல்லையென்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் எதனை அளப்பது, எதற்காக அளப்பது என்பவற்றைச் சமுதாயமே தீர்மானிக்கின்றது. ஆலைப் புகையை ஒளியின் துணைகொண்டு அளந்த வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1888 அளவில், பாரிஸில் விவசாயப் பொறியியற் பேராசிரியராக விளங்கிய மக்சிமிலியன் றிங்கெல்மன் எளியதோர் அட்டையை வகுத்தார். வெள்ளைத் தாளிலே கரிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக வரையப்பட்டன. முதலாம் எண்ணுக்குக் கோட்டின் தடிப்பு 1 மி.மீ.; நான்காம் எண்ணுக்கு 5.5 மி.மீ. ஏறத்தாழ 15 மீற்றர் தூரத்திலிருந்து நோக்குமிடத்து, கோடுகள் கலந்து சாம்பல் நிறமாய்த் தோன்றும். அந்நிறத்தோடு புகைபோக்கியின் வாயிலெழும் புகையை ஒப்பிட்டு எண் குறிப்பர். வெண்மை 0, முழுக் கருமை 5.

கரும்புகை என்பது முற்றாக எரியாத நிலக்கரியன்றோ? முதலாளியின் பணமே வானிற் கரைகின்றது. 1897இல் வில்லியம் கென்ற் இவ்வட்டையை அமெரிக்காவில் அறிமுகஞ் செய்தார். 1899இல் அந்நாட்டு இயந்திரப் பொறியியலாளர் சங்கம் இதனைத் தன் கொதிகலச் சோதனை விதிகளிற் சேர்த்துக்கொண்டது. அங்கு கணக்கிடப்பட்டது கொதிகலத்தின் திறன். ஆலையடியில் வாழ்ந்தோரின் சுவாசம் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

1910இல் பொஸ்ரன் நகருக்கான புகைச்சட்டம் அட்டையை ஏற்றது. அன்று முதல் பொறியியலாளரின் கருவி பொதுமக்களின் சாட்சியாகவும் மாறத் தொடங்கிற்று. ஆயினும் பிரித்தானியாவில் நாடளாவிய சட்டம் விழித்தெழப் பெரும் பலி வேண்டியிருந்தது. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைமூடுபனி மூடியது. மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என அன்று கணித்தனர். பிற்கால ஆய்வொன்று 12,000 பேர் வரை என்கின்றது. 1956இல் தூயகாற்றுச் சட்டம் பிறந்தது. றிங்கெல்மன் அட்டையின் இரண்டாம் எண்ணையோ அதனினும் மிகுந்த கருமையையோ கொண்ட புகை 'கரும்புகை' என அதில் வரையறுக்கப்பட்டது.

கண்ணின் அளவைக்கு எல்லையுண்டு. இருளில் அட்டை பயன்படாது. பார்ப்பவரின் நிலையும் ஞாயிற்றின் திசையும் முடிவை மாற்றும். எனவே புகைபோக்கியின் ஒரு பக்கத்திலிருந்து ஒளியைச் செலுத்தி, மறுபக்கத்தில் எவ்வளவு குறைந்து வந்து சேர்கின்றதென அளக்கும் கருவிகள் எழுந்தன. துகள்கள் சிதறச்செய்யும் ஒளியை அளக்கும் கருவிகளும் தோன்றின. சுவாசப்பையின் ஆழம்வரை செல்லவல்ல, 2.5 மைக்கிரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள்களையும் இன்று இவற்றால் மதிப்பிடலாம். அவை கண்ணுக்குப் புலனாகாதவை. வானம் தெளிந்துவிட்டதெனக் காட்டி, காற்றும் தூய்மையாகிவிட்டதென ஆலைக்காரர் சொல்லும்போது நாம் அயர்ந்துவிடலாகாது.

கருவிகள் நுட்பமடைந்துவிட்டன. அவை காட்டும் எண்கள் ஆலையின் அலுவலகத்திலே உறங்குமா, புகைபோக்கியின் கீழ் வாழும் மக்களின் கைக்கு வந்து சேருமா என்பதே இனி நாம் எழுப்பவேண்டிய கேள்வி.