துயருறும் பெற்றோர் (சிற்பம்)

துயருறும் பெற்றோர் என்பது ஜெர்மானிய அச்சோவியரும் சிற்பியுமான கேத்தே கோல்விட்ஸ் (ஜூலை 8, 1867 – ஏப்ரல் 22, 1945), முதல் உலகப் போரில் மாண்ட தம் இளைய மகன் பீட்டரின் நினைவாக உருவாக்கிய இரட்டைக் கற்சிற்பம் ஆகும். 1914 ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய இப்பணி, இடையில் பல ஆண்டுகள் கைவிடப்பட்டு, 1932 ஆம் ஆண்டிலேயே நிறைவுற்றது. பெல்ஜியத்தின் மேற்கு பிளாண்டர்ஸ் மாகாணத்தில், விலாட்ஸ்லோ என்னும் இடத்திலுள்ள ஜெர்மானியப் போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் இச்சிற்பம் அமைந்துள்ளது. போர் நினைவுச் சின்னங்களில் வழமையாகக் காணப்படும் படைவீரனோ வாளோ கொடியோ வெற்றி மாலையோ இதில் இல்லை. மண்டியிட்ட ஒரு தந்தையும் ஒரு தாயும் மட்டுமே உள்ளனர்.

பின்னணி

கேத்தே, அன்றைய பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் (இன்று உருசியாவின் கலினின்கிராட்) பிறந்தார். 1891 இல் கார்ல் கோல்விட்ஸ் என்ற மருத்துவரை மணந்து பெர்லினில் குடியேறினார். கார்ல், பிரென்ஸ்லாவர் பெர்க் என்ற தொழிலாளர் குடியிருப்பில் மருத்துவம் பார்த்தவர். அங்கு வந்துபோன ஏழைப் பெண்களின் முகங்களே கேத்தேயின் ஓவியங்களில் மீண்டும் மீண்டும் இடம்பெற்றன. இவர்களுக்கு 1892 இல் ஹான்ஸ், 1896 இல் பீட்டர் என இரு மகன்கள் பிறந்தனர்.

நெசவாளர் கிளர்ச்சி பற்றிய ஆறு அச்சோவியங்கள் (1893–1897) அவருக்குப் புகழைத் தந்தன. 1898 இல் நடுவர் குழு இவற்றுக்குப் பதக்கம் வழங்கப் பரிந்துரைத்தபோது பேரரசர் இரண்டாம் வில்லியம் அதனை மறுத்துவிட்டார். கோல்விட்ஸ் வண்ண ஓவியத்தைவிட அச்சோவியத்தையே தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தகட்டிலிருந்தோ கல்லிலிருந்தோ பல படிகள் எடுக்கலாம். அவற்றைக் குறைந்த விலைக்கு விற்கலாம். செல்வர் வீட்டுச் சுவரோடு படைப்பு நின்றுவிடாது.

1903 இல் அவர் வரைந்த 'இறந்த குழந்தையுடன் பெண்' என்ற அச்சோவியத்தை இங்கு தனியே குறிப்பிட வேண்டும். இறந்த பிள்ளையை மார்போடு இறுக்கி அமர்ந்திருக்கும் தாயின் உருவம் அது. இதற்கு மாதிரியாக அமர்ந்தவர்கள் வேறு யாருமல்லர். கண்ணாடியின் முன் அமர்ந்து தம்மையே வரைந்த கேத்தே, கையில் ஏந்தியிருந்தது ஏழு வயது பீட்டரைத்தான். பதினோரு ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்ததை அறிந்தவர்களால் அப்படத்தைச் சாதாரணமாகப் பார்க்க இயலாது.

பீட்டரின் மரணம்

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது பீட்டர் நண்பர்களுடன் நோர்வேயில் விடுமுறையில் இருந்தார். நாடு திரும்பியவுடன் தன்னார்வலராகப் படையில் சேர விரும்பினார். அவருக்கு வயது பதினெட்டு. உரிய வயதை எட்டாதவர் என்பதால் தந்தையின் இசைவு தேவைப்பட்டது. கார்ல் மறுத்தார். பீட்டர் தாயின் உதவியை நாடினார். கேத்தே மகனுக்காகப் பரிந்து பேசிக் கணவரைச் சம்மதிக்க வைத்தார்.

அவ்வாண்டு அக்டோபர் 22 ஆம் நாள் இரவு, பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்டெ நகருக்கு அருகே பீட்டர் கொல்லப்பட்டார். களத்துக்குச் சென்று சில நாட்களே ஆகியிருந்தன. அருகிலிருந்த ரொக்கெவெல்டே என்ற இடத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

கோல்விட்ஸ் தொடக்கம் முதலே போரை எதிர்த்தவர் என்று சில நூல்களில் காணப்படும் கூற்று சரியன்று. அவருடைய நாட்குறிப்புகள் வேறு செய்தியைச் சொல்கின்றன. இளைஞர்களின் தியாக உணர்வு அவரையும் ஆட்கொண்டிருந்தது. மகன் இறந்த பின்பும் அவர் நம்பிய இலட்சியத்தைப் பொய்யென்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. போரைப் பித்துச் செயலாகக் கருதுவது மகனுக்கு இழைக்கும் துரோகமாகுமோ என்று 1916 இல் நாட்குறிப்பில் தம்மையே கேட்டுக்கொள்கிறார். இக்கேள்விக்கு விடை காண அவருக்குக் காலம் பிடித்தது.

1918 அக்டோபரில், போர் தோல்வியில் முடியும் தறுவாயில், கவிஞர் ரிச்சர்ட் டேமல் எஞ்சிய ஆண்கள் அனைவரும் இறுதிப் போருக்கு முன்வர வேண்டும் என்று அறைகூவல் விடுத்தார். அதற்கு மறுப்பாகக் கோல்விட்ஸ் எழுதிய வெளிப்படைக் கடிதம் 'போர்வெர்ட்ஸ்' நாளிதழில் வெளிவந்தது. போதுமான பேர் இறந்துவிட்டனர், இனி ஒருவரும் விழக்கூடாது என்பதே அதன் சாரம். கடிதத்தின் முடிவில், விதைக்கென வைத்த தானியத்தை அரைத்துவிடலாகாது என்ற கருத்தைக் கவிஞர் கோதேயிடமிருந்து எடுத்தாண்டிருந்தார். பஞ்ச காலத்திலும் விதைநெல்லில் கைவைக்காத உழவர் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

சிற்பத்தின் உருவாக்கம்

1914 டிசம்பரிலேயே நினைவுச் சின்னத்துக்கான முதல் திட்டம் உருவாகிவிட்டது. அதன்படி, இறந்த மகன் உடல் நீட்டிக் கிடப்பான். தலைமாட்டில் தந்தையும் கால்மாட்டில் தாயும் இருப்பர். ஹாவெல் ஆற்றங்கரையின் மேட்டு நிலத்தில் அதனை நிறுவவும், தன்னார்வலராகச் சென்று மடிந்த எல்லா இளைஞர்களுக்கும் அது பொதுவாக அமையவும் எண்ணினார். ஆனால் வேலை கைகூடவில்லை. செய்வதும் கலைப்பதுமாக ஆண்டுகள் கழிந்து, 1919 இல் அதனைக் கைவிட்டார். தொழில்நுட்பம் மட்டும் இதற்குக் காரணமாகத் தோன்றவில்லை. தியாகத்தைப் போற்றும் சின்னமாகத் தொடங்கியது, அந்தத் தியாகத்தின் பொருளையே அவர் ஐயுறத் தொடங்கிய பின் எவ்வாறு முடிவுறும்?

1920களின் நடுவில் மீண்டும் பணியைத் தொடங்கியபோது திட்டம் முற்றிலும் மாறியிருந்தது. மகனின் உருவம் நீக்கப்பட்டது. பெற்றோர் இருவர் மட்டுமே எஞ்சினர். 1926 இல் கணவருடன் ரொக்கெவெல்டே சென்று கல்லறையை நேரில் கண்டார். 1931 இல் சாந்து வடிவங்கள் பெர்லினில் பிரஷ்யக் கலைக்கழகத்தின் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு ஆகஸ்ட் ராடெஸ் தந்தையின் உருவத்தையும், பிரிட்ஸ் டீடெரிக் தாயின் உருவத்தையும் கருங்கல்லில் செதுக்கினர். 1932 ஜூலை இறுதியில், கேத்தேயும் கார்லும் உடனிருக்க, சிற்பங்கள் ரொக்கெவெல்டேயில் நிறுவப்பட்டன. ஆறு மாதங்களில் இட்லர் ஆட்சிக்கு வந்தார். பணி இன்னும் சிறிது தாமதித்திருந்தால் இச்சிற்பம் பெல்ஜியத்தை அடைந்திருக்குமா என்பது ஐயமே.

அமைப்பு

இரு உருவங்களும் தனித்தனிப் பீடங்களில், இடையே இடைவெளியுடன் உள்ளன. தந்தை நிமிர்ந்து மண்டியிட்டு, இரு கைகளாலும் தம் உடலையே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். உதடுகள் மூடியிருக்கின்றன. தாய் முன்னோக்கிக் குனிந்து, போர்வையைப் பற்றியபடி தலை தாழ்த்தியிருக்கிறார். தந்தையின் முகத்தில் கார்லின் சாயலையும் தாயின் முகத்தில் கேத்தேயின் சாயலையும் காணலாம். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, தொடவும் இல்லை. முதல் திட்டத்தில் மகன் கிடக்க வேண்டிய இடம் வெற்றிடமாக உள்ளது. ரொக்கெவெல்டேயிலும் பின்னர் விலாட்ஸ்லோவிலும் அவர்கள் முன் மண்டியிட்டிருப்பது ஒரு பிள்ளையின் கல்லறைக்கு மட்டுமன்று.

'போர்' அச்சோவியத் தொகுதி

சிற்பம் தடைப்பட்டிருந்த காலத்தில் கோல்விட்ஸ் இதே பொருளில் 'போர்' என்ற தொகுதியை உருவாக்கினார். 1920 இல் எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்கு அச்சுகளைப் பார்த்தபின் அம்முறைக்கு மாறினார். மரச்செதுக்கில் சாம்பல் நிறச் சாயைகளுக்கு இடமில்லை. கத்தி பட்ட இடம் வெண்மை, படாத இடம் கருமை. சொல்ல வந்ததற்கு இந்தக் கடுமை தேவைப்பட்டது எனலாம்.

தொகுதியில் ஏழு படங்கள் உள்ளன. 'பலி' என்ற முதல் படத்தில் ஒரு தாய் தன் குழந்தையை இரு கைகளாலும் உயர்த்தி நீட்டுகிறாள். 'தன்னார்வலர்' படத்தில் சாவு பறையடித்து முன்செல்ல, இளைஞர்கள் மயங்கியவர்கள்போல் பின்தொடர்கின்றனர். சாவுக்கு மிக அருகில் நிற்பவன் பீட்டர். அடுத்து வருவன 'பெற்றோர்', 'கைம்பெண்' (இரு படங்கள்), 'தாய்மார்', 'மக்கள்' ஆகியவை. 'பெற்றோர்' படத்தில் கணவனும் மனைவியும் ஒரே கரிய திரளாக ஒருவர்மேல் ஒருவர் சரிந்திருக்கின்றனர். பத்தாண்டுகளுக்குப் பின் கல்லில் அவர்களைத் தனித்தனியே பிரித்து வைத்தார் என்பது கவனிக்கத்தக்கது.

ஏழு படங்களில் ஒன்றிலும் போர்க்களம் இல்லை. இதே காலத்தில் ஓட்டோ டிக்ஸ் வெளியிட்ட ஐம்பது படங்கள் கொண்ட 'போர்' தொகுதி (1924) இதற்கு நேர்மாறானது. இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் பணியாற்றிய டிக்ஸ், பதுங்குகுழிகளையும் அழுகும் உடல்களையும் தாம் கண்டவாறே வரைந்தார். கோல்விட்ஸ் களத்தைக் கண்டவரல்லர். வீட்டில் செய்திக்காகக் காத்திருந்தவர். தாம் அறிந்ததையே அவரும் வரைந்தார். 1924 இல் லைப்சிக்கில் நடந்த இளைஞர் மாநாட்டுக்காக அவர் வரைந்த 'போர் இனி வேண்டாம்' என்ற சுவரொட்டி பரவலாக அறியப்பட்டது.

நாட்சி ஆட்சியும் இறுதி ஆண்டுகளும்

1919 இல் பிரஷ்யக் கலைக்கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட கோல்விட்ஸ், 1933 இல் அதிலிருந்து விலகுமாறு கட்டாயப்படுத்தப்பட்டார். நாட்சிகளுக்கு எதிராக இடதுசாரிக் கட்சிகள் ஒன்றுபட வேண்டும் என்ற வேண்டுகோளில் கையொப்பமிட்டதே காரணம். 1936 இல் கெஸ்டாப்போ அவரை விசாரித்து வதைமுகாமுக்கு அனுப்புவதாக மிரட்டியது. படைப்புகளைக் காட்சிக்கு வைப்பதும் இயலாமற் போயிற்று.

1942 இல், மாண்ட மகனின் பெயரையே தாங்கிய பேரன் பீட்டர், உருசியாவின் ரிசேவ் போர்முனையில் உயிரிழந்தான். அவ்வாண்டு வரைந்த இறுதிக் கல்லச்சு ஓவியத்துக்கு, 1918 கடிதத்தில் எடுத்தாண்ட விதைத் தானியம் பற்றிய வரியையே தலைப்பாக இட்டார். முதிய தாய் ஒருத்தி தன் கைகளையும் போர்வையையும் விரித்து, வெளியே ஓடத் துடிக்கும் சிறுவர்களை அடைத்து வைத்திருக்கும் காட்சி அது. 1914 இல் தாம் செய்யத் தவறியதை இப்படத்தில் செய்தார் என்று கருத இடமுண்டு. 1943 நவம்பரில் குண்டுவீச்சில் அவருடைய பெர்லின் வீடு அழிந்தது. ஐரோப்பாவில் போர் முடிய இரு வாரங்களே இருந்த நிலையில், டிரெஸ்டனுக்கு அருகிலுள்ள மோரிட்ஸ்பெர்க்கில் காலமானார்.

சிற்பத்தின் பிற்கால வரலாறு

1950களில் பிளாண்டர்ஸ் பகுதியில் சிதறிக்கிடந்த ஜெர்மானியக் கல்லறைகள் சில இடங்களில் ஒருங்கிணைக்கப்பட்டன. அப்போது பீட்டரின் எச்சங்களும் சிற்பங்களும் விலாட்ஸ்லோவுக்கு மாற்றப்பட்டன. அங்கு 25,000க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். தரையோடு பதித்த கற்களில் ஒவ்வொன்றிலும் பல பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பீட்டரின் பெயர் கொண்ட கல் சிற்பங்களுக்கு முன்னால் உள்ளது.

சிற்பத்தின் படி ஒன்று கொலோன் நகரில், இரண்டாம் உலகப் போரில் சிதைந்து அவ்வாறே விடப்பட்ட புனித ஆல்பன் தேவாலயத்தினுள் உள்ளது. அதனைச் செதுக்கியோருள் பின்னாளில் புகழ்பெற்ற யோசப் பாய்சும் ஒருவர். மற்றொரு படி 2014 இல் ரிசேவில், பேரன் மாண்ட மண்ணிலுள்ள கல்லறைத் தோட்டத்தில் நிறுவப்பட்டது.

கோல்விட்சின் மற்றொரு சிற்பம் சர்ச்சைக்கு உள்ளானது. இறந்த மகனை மடியில் ஏந்திய தாயின் சிறு உருவத்தை அவர் 1937–1939 காலப்பகுதியில் செய்திருந்தார். ஏறத்தாழ 38 செ.மீ உயரமே உள்ள அதனைச் சிற்பி ஹரால்ட் ஹாக்கே பன்மடங்கு பெரிதாக்க, 1993 நவம்பரில் பெர்லினின் 'நொயே வாக்கே' கட்டிடத்தில் அது தேசிய நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டது. முடிவெடுத்தவர் அன்றைய பிரதமர் ஹெல்முட் கோல். மரியாள் இயேசுவின் உடலை ஏந்தும் கிறித்தவ வடிவம் யூதர்களுக்கு எவ்வாறு பொருந்தும், மகனை இழந்த தாயின் துயரம் வதைமுகாமில் தாயும் சேயுமாகக் கொல்லப்பட்டோரை எவ்வாறு உள்ளடக்கும், கொன்றவரும் கொல்லப்பட்டவரும் ஒரே சொல்லில் அடங்குவரா எனக் கேள்விகள் எழுந்தன. வரலாற்றாசிரியர் ரைன்கார்ட் கொசெலெக் கடுமையாக விமரிசித்தவர்களுள் ஒருவர். பின்னர் நுழைவாயிலில், பாதிக்கப்பட்ட பிரிவினரைத் தனித்தனியே குறிப்பிடும் பலகை வைக்கப்பட்டது. இவ்விமரிசனங்கள் நியாயமானவையே, எனினும் அவை சிற்பத்தை வைத்த இடத்தையும் நோக்கத்தையும் பற்றியவை. சிற்பத்துக்கு நேர் மேலே கூரை வட்டமாகத் திறந்திருப்பதால் மழையும் பனியும் தாயின்மேல் விழுகின்றன.

தாக்கம்

சீன எழுத்தாளர் லூ சுன், 1931 இல் கொல்லப்பட்ட தம் இளம் நண்பரின் நினைவாகக் கோல்விட்சின் 'பலி' படத்தை ஓர் இதழில் வெளியிட்டார். 1936 இல் அவருடைய அச்சோவியங்களைத் தனி நூலாகவும் பதிப்பித்தார். சீன மரச்செதுக்கு இயக்கம் இதனால் பெரிதும் ஊக்கம் பெற்றது. இந்தியாவில், 1943 வங்கப் பஞ்சத்தைக் கண்ணுற்று வளர்ந்த ஓவியர் சோம்நாத் ஹோரின் படைப்புகளில் கோல்விட்சின் செல்வாக்கைக் காணலாம்.