பலகையில் இருக்கிற ‘1ஏபி’



ஆறாம் வகுப்பு அனுமதிக் காலம் வந்தால் பெற்றோர் எங்களிடம் கேட்கிற முதல் கேள்வி, “சேர், உங்கட பள்ளிக்கூடம் என்ன தரம்?” 1ஏபி என்றால் முகம் மலரும். 1சி என்றால் யோசிப்பார்கள். வகை 2 என்றால் பிள்ளை பலாலி வீதி பஸ்சில் யாழ்ப்பாணம் போகும். ஆசிரியர்களாகிய நாங்களும் அதைப் பரிசு கிடைத்த மாதிரித்தான் சொல்லித் திரிகிறோம்.

அந்தக் காலத்தில் அங்கீகாரம் என்றால் அரசாங்க நன்கொடை. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் உருவானது. அதன் பிறகு பரிசோதகர் வந்து பிள்ளைகளை வாசிக்க, எழுத, கணக்குச் செய்ய வைத்துப் பார்ப்பார். பெறுபேற்றுக்கு ஏற்பப் பணம். நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்கு அந்த நன்கொடை 1870இல்தான் கிடைத்தது. 22 வருடம்! 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளிக்கூடமோ பண முடையால் சில வருடங்களிலேயே நின்றுபோனது. ஏற்கனவே ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் அதிலிருந்து கால் மைலுக்குள் தொடங்கும் புதியதற்கு நன்கொடை இல்லை என்ற விதியும் பின்னர் வந்தது. முந்தி வந்தவருக்கே கை நிறைய. மிஷன்மார் முந்தி வந்தவர்கள்.

இப்படியான சூழலில்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் ஊராக இந்து ஆங்கிலப் பாடசாலைகள் எழும்பின. எங்கள் உரும்பிராய் இந்துவும் அந்த வரிசையில் வந்ததுதான்.

இங்கே எங்கள் சமூகத்துக் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் சிறிய முஸ்லிம் பள்ளிக்கூடம் ஒன்றில் தொடங்கி, வைத்தீஸ்வர வித்தியாலயம் போய், பிறகு யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் படித்தார். இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவின் அதிபர். அவர் படித்த எந்தப் பலகையிலும் ‘1ஏபி’ இருக்கவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு பொறுப்பேற்றது. நன்கொடைக் கணக்கு அத்தோடு போய், பின்னாளில் ‘வகை’ வந்தது. உயர்தரத்தில் விஞ்ஞானமும் உண்டென்றால் 1ஏபி. கலை, வர்த்தகம் மட்டுமென்றால் 1சி. சாதாரண தரம் வரை என்றால் வகை 2. அவ்வளவுதான். இதில் புள்ளியும் இல்லை, பதக்கமும் இல்லை. 1985இல் தொடங்கிய ‘தேசிய பாடசாலை’ என்பதும் அப்படித்தான், கொழும்பு அமைச்சு நேரே நடத்துகிறது என்று அர்த்தம்.

ஆனால் பெயருக்குப் பயந்து பிள்ளைகள் ரவுணுக்குப் போகப்போக விஞ்ஞானப் பிரிவில் ஏழெட்டுப் பேர்தான் மிஞ்சுவார்கள். அந்த ஏழெட்டுப் பேருக்கு பௌதிகவியல் ஆசிரியர் கேட்டுப் பெறுவது லேசான காரியமில்லை. ஆசிரியர் இல்லாவிட்டால் அவர்களும் போவார்கள், பிரிவும் மூடும். பிள்ளை போனதால்தான் தரம் போகிறது. நாங்கள் நினைப்பதோ மறுபக்கம்.

1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் சில மணி நேரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். ஒஸ்மானியாவிலும் கதீஜாவிலும் அடுத்த நாள் பெயர் கூப்பிடப் பிள்ளை இல்லை. அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூடங்கள் என்ன வகை?

அடுத்த மாதம் விண்ணப்பம் நிரப்பப்போகிறவர்கள் ஒருக்கால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குள்ளேயும் வந்து பாருங்கோ. ஆய்வுகூடம் திறந்திருக்கிறதா, கணிதம் படிப்பிக்க ஆள் இருக்கிறாரா என்று அதிபரிடம் கேளுங்கோ. பலகையைப் பிறகு வாசிக்கலாம்.