'ஆதி குணசேகரன்' ஆவதற்கு முன் 32 வருடம்: மாரிமுத்துவின் கேரியர் சொல்வது என்ன?

'எதிர்நீச்சல்' சீரியலை நீங்கள் பார்த்திருக்காவிட்டாலும், "ஏய் இந்தாம்மா" மீம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரான ஜி.மாரிமுத்து, நடிகராக ஆசைப்பட்டு சென்னைக்கு வந்தவர் அல்ல. டைரக்டர் ஆகத்தான் வந்தார்.

எங்கிருந்து வந்தார்?

தேனி மாவட்டம், வருசநாடு பக்கம். 1990-ல் வீட்டைவிட்டுக் கிளம்பி வந்தவருக்கு முதலில் கிடைத்தது ஹோட்டல் வேலை. இலக்கிய ஆர்வம் அவரைக் கவிஞர் வைரமுத்துவிடம் கொண்டுசேர்த்தது. பிறகு ராஜ்கிரணிடம் 'அரண்மனைக்கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995) படங்களில் உதவி இயக்குநர். அடுத்து மணிரத்னம், வசந்த், எஸ்.ஜே.சூர்யா எனப் பலரிடம் வேலை.

டைரக்டர் ஆனாரா?

ஆனார், 18 வருடம் கழித்து. 'கண்ணும் கண்ணும்' (2008) அவரே எழுதி இயக்கியது. 'புலிவால்' (2014) மலையாள 'சாப்பா குரிஷு'வின் ரீமேக். அவ்வளவுதான், இரண்டே படம்.

நடிப்பு எப்படி வந்தது?

மிஷ்கினின் 'யுத்தம் செய்' (2011) வழி திறந்தது. 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தில் நாயகி ஜோவின் அப்பாவாக நடித்தார். 2022-ல் சன் டிவியின் 'எதிர்நீச்சல்' அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

டிவியில் நடிகர் எழுத முடியாதா?

பிரிட்டனில் காலின் வெல்லண்ட் எழுதினார். பள்ளி ஆசிரியராக இருந்து, பிபிசியின் 'இசட் கார்ஸ்' தொடரில் போலீஸ்காரராக நடித்தவர். 'ப்ளே ஃபார் டுடே' என்ற தனி நாடக வரிசைக்கு எழுதிப் பழகி, 1982-ல் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கினார். நம்ம ஊரிலும் தூர்தர்ஷன் காலத்தில் வாராந்தர நாடகங்கள் இருந்தன. இன்றைக்கு தினசரி சீரியல்தான். தினமும் ஒரு எபிசோடு போயாக வேண்டும். எழுத ஒரு டீம், நடிக்க ஒரு டீம். நடிகர் எழுதிப் பார்க்க அங்கே இடம் குறைவு.

கடைசியில்?

2023 ஆகஸ்ட் 10-ல் அவர் நடித்த 'ஜெயிலர்' ரிலீஸ். ஒரு மாதம்கூட ஆகவில்லை; செப்டம்பர் 8-ல் 'எதிர்நீச்சல்' டப்பிங்கின்போது மாரடைப்பு வந்து இறந்துபோனார்.

அந்தப் பாத்திரத்தைத் தொடர்ந்தவர் வேல ராமமூர்த்தி. ராணுவத்திலும் தபால் துறையிலும் வேலை பார்த்தவர், 'குற்றப் பரம்பரை' நாவலாசிரியர். ஆக, குணசேகரனாக வந்த இருவருமே எழுத்துக்காரர்கள். நமக்குத் தெரிந்ததோ அவர்களின் முகமும் குரலும்தான்.

அடுத்த தடவை அந்த மீம் வந்தால், ஃபார்வர்டு பண்ணிவிட்டு 'கண்ணும் கண்ணும்' பாருங்க. மாரிமுத்து சென்னைக்கு வந்தது அதற்காகத்தான்.