பெயர் மாறிய வாத்தியங்கள்

1951ஆம் ஆண்டின் தொடக்கத்திலே, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்னும் சிறு நகரிலிருந்த ஒரு கிற்றார்த் தொழிற்சாலையில் விந்தையானதொரு காரியம் நடைபெற்றது. வாத்தியங்களின் தலைப்பகுதியில் ஒட்டுவதற்கென அச்சிட்டு வைத்திருந்த முத்திரைகளில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று கம்பனியின் பெயர். மற்றையது வாத்தியத்தின் பெயர். தொழிலாளர் இரண்டாவது பெயரைக் கத்தரித்து நீக்கிவிட்டு, 'ஃபெண்டர்' என்ற கம்பனிப் பெயரை மட்டும் ஒட்டினர். மரம் மாறவில்லை; தந்தி மாறவில்லை; நாதமும் மாறவில்லை. பெயர் மட்டும் போயிற்று. மின்சாரக் கிற்றாரின் வரலாற்றிலே பெயர்கள் பிறப்பதும் மறைவதும் மீண்டும் உயிர்பெறுவதும் பலமுறை நிகழ்ந்துள்ளன. அவ்வரலாற்றின் முதற் பெருங்கதை இதுவேயாகும்.

அத்தொழிற்சாலையை நிறுவியவர் லியோ ஃபெண்டர். அவர் இசைக்கலைஞர் அல்லர். வானொலிப் பெட்டிகளைத் திருத்துபவர். 1938இல் அந்நகரிலே வானொலி திருத்தும் கடையொன்றைத் திறந்தார். ஒலிபெருக்கிகளைத் திருத்துவதற்காக வந்த இசைக்கலைஞரோடு பழகியதனால் அவர் கவனம் வாத்தியங்களின்பாற் சென்றது. பழைய கிற்றாரின் உடல் பெட்டிபோல் உட்குடைவானது. அக்குடைவினாலேயே அதன் ஒலி பெருகும். ஃபெண்டர் செய்த கிற்றாரோ குடைவில்லாத கட்டிப் பலகையாலானது. அதன் உருக்குத் தந்திகளின் கீழே காந்தமும், அதைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளும் அமைந்திருந்தன. தந்தி அதிரும்போது சுருளிலே சிறியதொரு மின்னோட்டம் பிறக்கும். அதனை ஒலிபெருக்கி பெரிதாக்கித் தரும். இத்தகைய சுருள்கள் இரண்டு அமைந்த கிற்றாருக்கு 1950இல் 'புரோட்காஸ்டர்' எனப் பெயரிட்டனர். ஒலிபரப்பாளர் என்பது அதன் பொருள். வானொலி திருத்துபவரின் வாத்தியத்துக்கு அது பொருத்தமான பெயரே.

ஆயினும் அப்பெயர் நிலைக்கவில்லை. நியூயோர்க்கில் 1883ஆம் ஆண்டு தொடங்கிய கிரெற்ச் என்னும் வாத்தியக் கம்பனி, ஆங்கிலத்தில் ஓரெழுத்து மட்டும் வேறுபட்ட அதே பெயரைத் தன் டிரம் வாத்தியங்களுக்கு முன்னரே சூட்டியிருந்தது. அது ஆட்சேபம் தெரிவித்தபோது ஃபெண்டர் கம்பனி வழக்காட முற்படாமல் பெயரைக் கைவிட்டது. முத்திரைகளைக் கத்தரித்தமைக்குக் காரணம் இதுவே. சில மாதங்களின் பின், விற்பனைப் பொறுப்பாளரான டொன் றண்டால் 'டெலிகாஸ்டர்' என்னும் புதுப் பெயரைக் கண்டார். தொலைக்காட்சி அமெரிக்க இல்லங்களினுள்ளே விரைந்து புகுந்துகொண்டிருந்த காலம் அது. வானொலியின் பெயர் நீங்கிய இடத்தில் தொலைக்காட்சியின் பெயர் அமர்ந்தது. அக்கிற்றார் இன்றும் அப்பெயரிலேயே விற்கப்படுகிறது. இடைக்காலத்தில் பெயரின்றி வெளிவந்தவற்றைச் சேகரிப்போர் பிற்காலத்தில் 'நோகாஸ்டர்' என வேடிக்கையாக அழைத்து, பெருவிலை கொடுத்து வாங்கினர். பின்னர் ஃபெண்டர் கம்பனியே அப்பெயரை ஏற்று, பழைய அமைப்பில் கிற்றார் செய்து விற்றது. பெயரில்லாமையே ஒரு பெயராயிற்று!

இதற்கு நேர்மாறான கதையொன்றும் உண்டு. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் கம்பனி, 1952இல் தன் முதலாவது கட்டிப் பலகைக் கிற்றாரை வெளியிட்டது. அக்காலத்திற் புகழ்பெற்று விளங்கிய லெஸ் போல் என்னும் கலைஞரின் பெயரே அதற்கு இடப்பட்டது. செதுக்கிய மேற்பலகையும் நல்ல பாரமும் கொண்டது அது. சில ஆண்டுகளில் விற்பனை தளர்ந்தது. 1958 முதல் 1960 வரை மிக அழகிய வர்ணப் பூச்சுடன் செய்து பார்த்தும் பயனில்லை. அந்த மூன்றாண்டுகளிலும் அவ்வகையில் விற்பனையானவை இரண்டாயிரத்துக்கும் குறைவே. ஆகவே, கம்பனி அவ்வடிவத்தையே கைவிட்டு, மெல்லிய உடலும் இரண்டு கூரிய கொம்புகளும் உடைய புதியதொரு கிற்றாரை 1961இல் வெளியிட்டது. ஆனால், பெயர் மட்டும் பழைய 'லெஸ் போல்' என்றே இருந்தது. புது வடிவம் லெஸ் போலுக்கு உவப்பாயிருக்கவில்லை. கம்பனியோடு அவர் செய்திருந்த ஒப்பந்தமும் முடிவுற்றது. 1963 அளவில் அவர் பெயர் நீங்கி, 'எஸ்.ஜி.' என்ற ஈரெழுத்துப் பெயர் வந்தது. கட்டிக் கிற்றார் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே அவை.

அத்துடன் பழைய லெஸ் போல் முடிந்தது என்றே கம்பனி எண்ணியிருக்கும். ஆனால், இங்கிலாந்தின் இளைஞர் சிலர் வேறுவிதமாக எண்ணினர். கீத் ரிச்சர்ட்ஸ், எரிக் கிளப்டன் முதலானோர், எவரோ வைத்திருந்து விற்ற பழைய லெஸ் போல் கிற்றார்களை வாங்கி வாசித்தனர். ஜோன் மாயல் குழுவினருடன் கிளப்டன் வாசித்த இசைத்தட்டு 1966இல் வெளிவந்தபோது, அந்தத் தடித்த நாதம் எந்த வாத்தியத்தினுடையது என்று இளைஞர் தேடத் தலைப்பட்டனர். பழைய கிற்றார்களின் விலை ஏறியது. 1968இல் கிப்சன் கம்பனி தான் கைவிட்ட வடிவத்தையும் பெயரையும் மீண்டும் வெளியிட்டது. விற்போர் விளம்பரத்தால் நிலைநிறுத்த முடியாததை, வாசிப்போர் விரல்களால் நிலைநிறுத்தினர்.

பெயர்களை மேல் கீழ் என வரிசைப்படுத்தி விற்பதும் இத்தொழிலின் வழக்கமே. எபிபோன் என்பது 1930களில் கிப்சனோடு சமமாகப் போட்டியிட்ட கம்பனி. அது நலிவுற்ற பின், 1957இல் கிப்சனின் தாய்க் கம்பனி அதனை வாங்கியது. கிப்சன் தொழிலாளரே கலமசூவில் எபிபோன் கிற்றார்களையும் செய்தனர். கிப்சன் வாத்தியங்களை விற்கும் உரிமை கிடையாத கடைகளுக்கு அவை சென்றன. 1970 அளவில் உற்பத்தி யப்பானுக்கு மாறவே, எபிபோன் மலிவு வகையின் பெயராயிற்று. எதிரியாயிருந்தவர் தம்பியான கதை எனலாம். ஃபெண்டர் கம்பனியும் இவ்வழியே சென்றது. யப்பானியர் செய்த நகல்கள் தரத்தில் உயர்ந்தும் விலையிற் குறைந்தும் வந்தபோது, அது 1982இல் யப்பானிலேயே உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்குவயர் என்ற பழைய தந்தி உற்பத்தியாளரின் பெயர் அதன் கைவசம் இருந்தது. அப்பெயரையே மலிவான கிற்றார்களுக்கு இட்டது. தன் பெயரின் மதிப்பும் குறையாது, சந்தையும் கைவிட்டுப் போகாது என்பதே அதன் கணக்கு.

இவ்வரலாற்றிலே பெயரை இழந்தோருள் லியோ ஃபெண்டரும் ஒருவர். 1965 ஜனவரியில் அவர் தம் கம்பனியை 130 இலட்சம் டொலருக்கு விற்றார். வாங்கியது சி.பி.எஸ். என்னும் மாபெரும் ஒலிபரப்பு நிறுவனம். ஒலிபரப்பாளர் என்ற பெயரை விட்டுக்கொடுத்த கம்பனி, ஈற்றில் ஓர் ஒலிபரப்பாளரிடமே போய்ச் சேர்ந்தது. கம்பனியோடு 'ஃபெண்டர்' என்ற பெயரும் கைமாறியது. பின்னர் அவர் நண்பர் ஜோர்ஜ் ஃபுல்லர்ட்டனுடன் சேர்ந்து 'ஜி அண்ட் எல்' என்னும் புதுக் கம்பனியைத் தொடங்கியபோது, தாம் பிறந்த நாள்முதல் தாங்கிய பெயரைத் தம் கிற்றார்களில் பொறிக்க முடியவில்லை. 1985இல் தம் பழைய 'புரோட்காஸ்டர்' பெயரையேனும் ஒரு கிற்றாருக்குச் சூட்டிப் பார்த்தார். இம்முறை ஆட்சேபித்தது ஃபெண்டர் கம்பனி! மீண்டும் அப்பெயர் கைவிடப்பட்டது. எனினும், 1991இல் மறையும்வரை அவர் வாத்தியம் செய்வதை நிறுத்தவில்லை.

முதலில் ஆட்சேபம் எழுப்பிய கிரெற்ச் கம்பனியின் கிற்றார்களைச் செய்து விற்கும் பொறுப்பு, 2003 முதல் ஃபெண்டர் கம்பனியின் கைக்கே வந்தது. அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பெயருக்காக முரண்பட்ட இரண்டும் இவ்வாறு ஒரே கூரையின் கீழ் வந்தன. பெயர்கள் விற்கவும் வாங்கவும் படுகின்றன; சட்டம் அவற்றுக்கு வேலியிடுகிறது. ஆனால், ஒரு பெயரைக் கேட்டதும் ஒரு நாதம் நினைவுக்கு வருவதற்குக் காரணமானோர் இருவர்: பலகையைச் செதுக்கிச் சுருளைச் சுற்றிய தொழிலாளி ஒருவர், பிறர் கைவிட்ட வாத்தியத்தை எடுத்து மீட்டிய கலைஞர் மற்றையவர். முத்திரையை மாற்றும் கத்தரிக்கோல் அவ்விருவர் வேலையையும் தொடுவதில்லை.