புளூம்ஃபொண்டெய்ன் டைபாய்டு கொள்ளைநோய் (1900)

தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலேயருக்கும் போயர்களுக்கும் இடையே 1899 முதல் 1902 வரை நடந்த போரில், குண்டடிபட்டு இறந்த ஆங்கிலப் படைவீரர்களைவிட நோயால் இறந்தவர்களே அதிகம். அந்நோய்களில் முதன்மையானது டைபாய்டு. போர் முழுவதிலும் 57,000க்கும் மேற்பட்ட வீரர்களை அது தாக்கியது. 8,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்நோய் மிகக் கொடுமையாகப் பரவிய இடங்களுள் ஒன்று புளூம்ஃபொண்டெய்ன் என்னும் சிறு நகரம்.

ஆரஞ்சு சுதந்திர நாட்டின் தலைநகராக இருந்த இவ்வூர், 1846இல் ஒரு நீரூற்றை ஒட்டி உருவானது. ஊரின் பெயருக்கே 'மலர் ஊற்று' என்று பொருள் கூறுவர். ஊற்றின் பெயரால் அமைந்த ஊரில் நீரே நோயைச் சுமந்து வந்தது.

நோய் வந்த வழி

1900 பிப்ரவரியில் மாடர் ஆற்றங்கரையில் உள்ள பார்டபர்க் என்னுமிடத்தில், போயர் தளபதி குரோன்யேயின் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டனர். குண்டுவீச்சில் இறந்த குதிரைகளும் மாடுகளும் ஆற்றில் மிதந்தன. பாசறைக் கழிவுகளும் அதே ஆற்றில் கலந்தன. கீழ்ப்புறம் தங்கியிருந்த ஆங்கில வீரர்கள் அந்நீரையே குடித்தனர். பிப்ரவரி 27இல் குரோன்யே சரணடைந்தார். மார்ச் 13இல் ராபர்ட்ஸ் பிரபுவின் படை புளூம்ஃபொண்டெய்னுக்குள் நுழைந்தது.

டைபாய்டுக் கிருமி உடலில் புகுந்து, காய்ச்சலாக வெளிப்பட ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். ஆகவே படை ஊருக்குள் நுழைந்தபோதே நோயும் உடன் நுழைந்துவிட்டது. சில ஆயிரம் மக்கள் வாழ்ந்த ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் ஏறத்தாழ 30,000 வீரர்கள் நிறைத்தனர். இத்தனை பேருக்குத் தேவையான கழிப்பிட வசதி அங்கு இல்லை. நோயாளியின் மலத்தில் வெளியேறிய கிருமி நீரிலும், ஈக்கள் மொய்த்த உணவிலும் கலந்து அடுத்தவரை அடைந்தது.

நீர்நிலையம் பறிபோதல்

நகரின் குழாய் நீர், கிழக்கே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் தொலைவில் சன்னாஸ் போஸ்ட் அருகே இருந்த நீர்நிலையத்திலிருந்து வந்தது. மார்ச் 31இல் போயர் தளபதி கிறிஸ்டியான் டி வெட் அங்கே ஆங்கிலப் படையைப் பதுங்கியிருந்து தாக்கினார். நீர்நிலையம் போயர்கள் வசமாயிற்று. ஏப்ரல் இறுதியில் அது மீட்கப்படும் வரை, ஊரும் படையும் பழைய கிணறுகளையே நம்பி வாழ வேண்டியதாயிற்று.

டி வெட்டின் செயலே கொள்ளைநோய்க்குக் காரணம் என்று சொல்வதுண்டு. அது பாதி உண்மையே. நோய் அதற்கு முன்பே பரவத் தொடங்கியிருந்தது. நல்ல நீர் நின்றுபோனது அதை மேலும் மோசமாக்கியது.

மருத்துவமனைகளின் நிலை

ஆயிரக்கணக்கான நோயாளிகள் குவிந்தனர். கேப் குடியேற்றத்திலிருந்து வந்த ஒற்றை ரயில் பாதையே ஊருக்கு உயிர்நாடி. அதில் உணவும் வெடிபொருளும் மருந்துடன் இடத்துக்குப் போட்டியிட்டன. கட்டில், படுக்கை, செவிலியர் எதுவும் போதவில்லை. கூடாரங்களில் பலர் தரையிலேயே கிடத்தப்பட்டனர்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கோனன் டாயில், இங்கு லாங்மன் தனியார் மருத்துவமனையில் மருத்துவராகப் பணியாற்றினார். ஊரின் கிரிக்கெட் மைதானத்தில் இயங்கிய அம்மருத்துவமனையின் 100 படுக்கைகளும் விரைவில் நிரம்பி வழிந்தன. பணியாளர்களும் நோயுற்றனர். நாடாளுமன்ற உறுப்பினர் பர்டெட் கூட்ஸ் இந்நிலையை 'தி டைம்ஸ்' இதழில் எழுதியதும் பிரிட்டனில் பெரும் சர்ச்சை எழுந்தது. அரசு விசாரணை ஆணையம் அமைத்தது.

அறிவு இருந்தும் பயன்படாதது ஏன்?

டைபாய்டுக் கிருமியை ஏபர்ட் 1880இலேயே கண்டிருந்தார். அசுத்த நீரால் நோய் பரவும் என்பதும், நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி அழியும் என்பதும் அறிந்த செய்திகளே. ஆனால் மரங்கள் அரிதான புல்வெளியில் விறகு கிடைக்கவில்லை. வடிகட்டிகளைச் சேற்று நீர் அடைத்துக்கொண்டது. நாள் முழுதும் வெயிலில் நடந்த வீரன், நீர் கொதித்து ஆறும்வரை காத்திருக்கவில்லை.

ஆல்ம்ராத் ரைட் உருவாக்கிய தடுப்பூசியும் இருந்தது. எனினும் அது கட்டாயமாக்கப்படவில்லை. ஊசி போட்டபின் காய்ச்சலும் வலியும் வந்ததால் பலர் மறுத்தனர். போருக்குச் சென்றவர்களில் 20 பேருக்கு ஒருவர்கூட அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கோனன் டாயில் அதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வாதிட்டார்.

முகாம்களில் தொடர்ந்த துயரம்

ராபர்ட்ஸின் படை மே மாதத் தொடக்கத்தில் வடக்கே புறப்பட்டது. ஆனால் ஊரின் தண்ணீர்த் துயரம் ஓயவில்லை. ஆங்கிலேயர் போயர்களின் பண்ணைகளை எரித்து, பெண்களையும் குழந்தைகளையும் முகாம்களில் அடைத்தனர். 1901 ஜனவரியில் புளூம்ஃபொண்டெய்ன் முகாமைப் பார்வையிட்ட எமிலி ஹாப்ஹவுஸ், எட்டுப் பேருக்கு இரண்டு வாளி நீரே தரப்பட்டதைக் கண்டார். குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். சோப்பு இல்லை, நீரைக் கொதிக்க வைக்க விறகு இல்லை. கொதிகலன் வேண்டும் என்று அவர் அதிகாரிகளிடம் மன்றாடினார்.

போயர் முகாம்கள் அனைத்திலும் சேர்த்து ஏறத்தாழ 28,000 பேர் தட்டம்மை, நுரையீரல் அழற்சி, வயிற்றுக்கடுப்பு, டைபாய்டு முதலிய நோய்களால் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். கறுப்பின மக்களுக்கான தனி முகாம்களிலும் குறைந்தது 14,000 பேர் மாண்டனர்.

பின்விளைவுகள்

இப்போரின் படிப்பினை வீணாகவில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களில் மிகப் பெரும்பாலோர் டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொண்டனர். குடிநீரில் எவ்வளவு வெளுப்புத்தூள் சேர்க்க வேண்டும் என்பதைக் களத்திலேயே கண்டறியும் எளிய சோதனை முறை வந்தது. பல மடங்கு பெரிய அப்படையில் டைபாய்டு மரணங்கள் போயர் போரைவிட மிகக் குறைவாகவே இருந்தன.

முகாம்களில் இறந்த பெண்கள், குழந்தைகள் நினைவாக 1913இல் புளூம்ஃபொண்டெய்னில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. கொதித்த நீருக்காக வாதாடிய எமிலி ஹாப்ஹவுஸின் சாம்பலும் பின்னர் அதன் அடியிலேயே வைக்கப்பட்டது.